நான்காம் எண் சீட்டு

மாப்பிள்ளை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்த அன்றைக்கே அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிற புதன்கிழமை. அகராதி அலுவலகத்தில் மின்விசிறி சுற்றியதே தவிர காற்று வரவில்லை. தலைமைப் பதிப்பாசிரியரே மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு ஒரு தாளால் விசிறிக்கொண்டிருந்தார். இந்த மனிதர் மட்டும் இரண்டு கையையும் மணிக்கட்டு வரை மூடி, பொத்தானும் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, குளிருதா?"

"இல்லக்கா, சும்மாதான்."

சும்மா என்று ஒருவர் சொன்னால் அது சும்மா இல்லை என்பது அக்காவின் கொள்கை.

அக்கா அங்கே சரிபார்க்கிறவள். தட்டச்சாகி வரும் ஒவ்வொரு தாளும் அவள் கண்ணில் பட்டு, அவள் சிவப்புப் பேனாவில் அடிபட்டு, அதற்கப்புறம்தான் அச்சுக்குப் போகும். முகத்துக்கு நேரே எல்லாரும் அவளை அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சல்லடை. அது அவளுக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். பல் வைத்தியர் பிடுங்கிய பல்லைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்து, "இது என்னோடதுதானா டாக்டர்?" என்று கேட்டவள் அவள். தன்னைப் பெண் பார்க்க வந்தவர்களையும் இப்படியே பார்த்து அனுப்பிவிட்டாள். இப்போது ஐம்பதை நெருங்கியாயிற்று. மாடி வைத்த சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள்.

உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் தங்கைதான். பன்னிரண்டு வயது இளையவள். அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது. தலை வாரி, சோறூட்டி, ஆளாக்கியது எல்லாம் அக்கா. தங்கை என்பது பேருக்கு, வளர்த்த பிள்ளை. கொஞ்சம் கோபக்காரி என்று ஊரார் சொல்வார்கள். அக்கா அதைச் சுறுசுறுப்பு என்பாள். ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெண்ணின் சுண்டுவிரலை இவள் முறுக்கி வீங்க வைத்துவிட்டாள் என்று அந்தத் தாய் சண்டைக்கு வந்தபோது, "உங்க பொண்ணு எதுக்கு விரலை நீட்டினா?" என்று கேட்டு அக்கா கதவைச் சாத்தினாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

அந்தத் தங்கைக்கு அலுவலகத்திலேயே பார்த்துப் பிடித்த மாப்பிள்ளைதான் இவர். அகராதிக்குச் சொற்பொருள் சீட்டு எழுதுகிறவர். வாய் திறந்து அதிகம் பேசாதவர், காலையில் வந்தால் மாலையில் எழுந்து போகிறவர், வேறு வம்பு தும்பு கிடையாது. சம்பந்தம் பேசி முடித்தவளும் அக்காதான், முடித்த மறுநாளிலிருந்து அவரைச் சந்தேகப்பட ஆரம்பித்தவளும் அக்காதான். அவள் வாய் ஓயாமல் மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில் அலுவலகம் முழுவதற்கும் அவர் மாப்பிள்ளையாகிவிட்டார். தலைமைப் பதிப்பாசிரியர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

புதனிலிருந்து வெள்ளி வரை அக்கா அந்தச் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவள் பேரையாவது பச்சை குத்திக்கொண்டானோ? எவளாவது கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தாளோ? ஒரு பென்சிலை வேண்டுமென்றே அவர் காலடியில் போட்டு, எடுக்கும்போது குனிந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றே ஒன்று. அவர் மூக்குக்கண்ணாடியின் வலது கால் ஒடிந்து, வெள்ளை நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. ஒரு கண்ணாடிக் கால் மாற்ற மனசு வராதவன் என் தங்கைக்கு என்னத்தைச் செய்யப்போகிறான் என்று அதையும் அவர் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

அந்த வாரம் அவருக்கு வந்திருந்த சொல் ட்விஸ்ட். ஆங்கிலத்தில் எல்லார் வாயிலும் புரள்கிற சின்ன வினைச்சொல். தமிழில் எழுத உட்கார்ந்தால் பிராணன் போகும். கயிறென்றால் முறுக்கு. குழாயென்றால் திருகு. கணுக்கால் என்றால் சுளுக்கிக்கொள். மலைப்பாதை என்றால் வளைந்து வளைந்து போ. அடுத்தவன் பேச்சென்றால் திரி. "பெரிய சொல்லெல்லாம் யானை மாதிரி, நின்ன இடத்துல நிக்கும். இந்தச் சின்னதுங்கதான் கொசு, பிடிக்கவே முடியாது" என்பார் தலைமைப் பதிப்பாசிரியர். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு. சீட்டில் ஓர் உதாரண வாக்கியம், ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே தமிழில் ஒரு வரி.

வாக்கியத்துக்கு அங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. கற்பனை கூடாது. எழுதுகிறவர் கண்ணால் பார்த்ததாகவோ காதால் கேட்டதாகவோ இருக்க வேண்டும். எங்கே, என்றைக்கு என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். கடைத்தெரு, சனிக்கிழமை. பேருந்து, திங்கட்கிழமை. இப்படி.

இன்னொரு விதியும் உண்டு, அது அக்கா போட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று கத்தினாள். "நம்ம அகராதியில ஆம்பளை எல்லாம் வண்டி ஓட்றான், பொம்பளை எல்லாம் அழுதுட்டே இருக்கா. இது நல்லா இருக்கா சார்?" நல்லா இல்லைதான் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அன்றிலிருந்து தட்டச்சு செய்யும்போது ஒற்றைப்படை எண் சீட்டு அப்படியே போகும். இரட்டைப்படை எண் வந்தால் ஆணைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் மாற்றிவிட வேண்டும். தட்டச்சு செய்யும் அம்மாவுக்கு மின்னல் என்று பட்டப்பெயர், ஒரு விரலால் அடிப்பதால். மின்னலுக்குச் சட்டம் என்றால் சட்டம்தான். "பிரசவ வலியில் அவன் துடித்தான்" என்று அடித்து அனுப்பி, நல்லவேளை அக்கா கண்ணில் பட்டது.

திங்கட்கிழமை ட்விஸ்ட் தாள் வந்தது. முதல் வாக்கியம் ஒரு குழாயைப் பற்றி, சரி. இரண்டாவது: 'அவளுடைய கண்ணாடியின் காலை அவன் முறுக்கி ஒடித்தான்.' இடம், வீடு.

அக்கா பேனாவைத் தட்டினாள். எந்த ஆம்பளை கண்ணாடிக் காலைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருப்பான்? கோபம் வந்தால் தூக்கி எறிவான், மிதிப்பான். இது உட்கார்ந்த இடத்தில் ஜோடித்தது. சிவப்பில் 'கற்பனை' என்று எழுதி, மீதித் தாளைப் படிக்காமலே திருப்பி அனுப்பினாள். அது அவள் வழக்கம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்; ஒன்று வேகவில்லை என்றால் பானையையே இறக்கி அனுப்புவாள்.

மாப்பிள்ளை தாளோடு அவள் மேசைக்கு வந்தார். "அக்கா, இது நடந்ததுதான்."

"எங்க நடந்துச்சு?"

"அதான் எழுதியிருக்கேனே."

"வீடுன்னா? யாரு வீடு? எந்தப் புண்ணியவான்?"

அவர் நூல் சுற்றிய கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். ஏதோ சொல்ல வந்து, "விடுங்கக்கா" என்று திரும்பிப் போய்விட்டார். கையும் களவுமாகப் பிடிபட்டவன் அப்படித்தான் போவான் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை புதுத் தாள் வந்தது. இந்தமுறை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காகப் போயிற்று. நான்காவதில் பேனா நின்றது.

'அவள் போனைக் கீழே விடும்வரை அவன் அவள் மணிக்கட்டை முறுக்கினான்.' இடம், வீடு. நாள், செவ்வாய் காலை, போன வாரத் தேதி.

போன வாரம் செவ்வாய் காலை. அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை எண்ணிலிருந்து போன் ஒருமுறை அடித்து நின்றது. இவள் திருப்பிக் கூப்பிட்டதும் எடுத்தது தங்கை. மூச்சு வாங்கியது அவளுக்கு. "தெரியாம கை பட்டிருக்கும்க்கா, வை" என்றாள். அதற்கு மறுநாள்தான் முழுக்கைச் சட்டை.

அக்காவுக்கு எல்லாம் கண்முன்னால் ஓடியது. தங்கை அவன் போனை எடுத்து எனக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அவன் கையைப் பிடித்து முறுக்கியிருக்கிறான். அவள் கீறியிருக்கிறாள், கீறட்டும், அதை மறைக்கத்தான் சட்டை. போதாததற்கு அதையே உதாரணமாக எழுதி, விதிப்படி தேதியும் போட்டு, என் மேசைக்கே அனுப்பியிருக்கிறான். என்ன நெஞ்சழுத்தம்! நானே தேடிக் கொண்டுவந்து கொடுத்த மாப்பிள்ளை! தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

முதலில் தன் வீட்டுக்குப் போனாள். மாடி அறையைப் பெருக்கி, ஒட்டடை அடித்து, கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாள். குடத்தில் தண்ணீர் வைத்தாள். பூட்டிவிட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தாள்.

தங்கை பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நனைந்த போர்வையை ஒற்றை ஆளாகப் பிழிந்துகொண்டிருந்தாள். கடைசிச் சொட்டும் விழுந்தபிறகு இன்னொரு சுற்று சுற்றினாள். அக்கா அவள் இரண்டு கையையும் பிடித்து, வளையலை மேலே தள்ளிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. ஒரு வாரம் ஆயிற்றே, ஆறியிருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் கிடைத்தது.

"என்னக்கா பாக்கற?" தங்கையின் முகம் சட்டென்று மாறியது. "அவர் ஏதாவது சொன்னாரா?"

"அவர் சொல்லணுமா? எனக்குக் கண்ணு இல்லையா? இந்த வீட்ல நடக்கறது எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

தங்கை போர்வையைக் கொடியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "என்ன தெரிஞ்சுது?"

"கையை முறுக்கறது தெரிஞ்சுது. அடி பாவி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அவன் உன்னை இந்தப் பாடு படுத்தறான், நீ வாயை மூடிட்டு இருக்க!"

தங்கை போர்வையை உதறிக் கொடியில் போட்டாள். அவள் தோள் தளர்ந்து இறங்கியதை அக்கா பார்த்தாள். மனப் பாரம் இறங்குகிறது என்று நினைத்தாள்.

"உனக்குத் தெரியாததா அக்கா, அவர் எப்படிப்பட்டவர்னு" என்று தங்கை மெல்லச் சொன்னாள். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

"கேட்டுக்கோ. கை வைக்கற ஆளோட ஒரு நாள்கூட ஒரே வீட்ல இருக்கக்கூடாது. உறவாவது மண்ணாவது! மாடி ரூமைச் சுத்தம் பண்ணி வெச்சிருக்கேன். இந்தா சாவி."

"எனக்கெதுக்கு சாவி? நான் ஏன் என் வீட்டை விட்டு வரணும்? நீ அவரைக் கண்டிச்சு வை, அது போதும். உன் பேச்சுன்னா பயப்படுவாரு." தங்கை உள்ளே போய் டீ போட்டாள். அக்கா அதைக் குடிக்காமலே கிளம்பினாள்.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தலைமைப் பதிப்பாசிரியர் அறைக்குப் போய்த் தாளை விரித்தாள். "சார், இந்த ஆள் இனிமே இங்க இருக்கக்கூடாது. நான் இருக்கணும், இல்ல அவர் இருக்கணும்."

அவர் நான்காம் வாக்கியத்தை இரண்டுமுறை படித்தார். முப்பது வருஷம் அகராதி செய்தவர், எதற்கும் அவசரப்படமாட்டார். "விஷயம் பெருசும்மா. ஆனா இது மின்னல் அடிச்ச தாள். அவர் கையால எழுதின சீட்டைக் கொண்டு வாங்க. அப்புறம் அவரைக் கூப்பிட்டுக் கேக்கறேன்."

நியாயம்தான். அக்கா தட்டச்சு மேசைக்குப் பக்கத்திலிருந்த இழுப்பறையைத் திறந்தாள். ட்விஸ்ட் சீட்டுகள் ரப்பர் வளையம் போட்டு ஒரு கட்டாக இருந்தன. நான்காவதை உருவினாள். மாப்பிள்ளையின் முத்து முத்தான கையெழுத்து.

'அவன் போனைக் கீழே விடும்வரை அவள் அவன் மணிக்கட்டை முறுக்கினாள்.'

அக்காவுக்கு முதலில் வந்தது கோபம். ராத்திரியோடு ராத்திரியாகச் சீட்டை மாற்றி வைத்துவிட்டான், எத்தன்! "மின்னல், இந்த இழுப்பறையை யாரு திறந்தா? சீட்டு மாறியிருக்கு."

"சாவி என் இடுப்புல இருக்குக்கா. நீங்க வந்தப்புறம்தான் திறந்து வெச்சேன்." மின்னல் எட்டிப் பார்த்தாள். "எங்க மாறியிருக்கு? சரியாத்தானே இருக்கு."

"தாள்ல அவன் முறுக்கினான்னு இருக்கு. இதுல அவள் முறுக்கினாள்னு இருக்கு."

"நாலு இரட்டைப்படை இல்லையாக்கா? நீங்க போட்ட சட்டம்தானே."

அக்கா சீட்டின் மூலையைப் பார்த்தாள். பேனாவில் ஐந்து என்று எழுதி, அதை அடித்து, மின்னல் பென்சிலால் நான்கு போட்டிருந்தாள்.

"முதல்ல அஞ்சாத்தான் இருந்துச்சு" என்றாள் மின்னல். "நீங்க ரெண்டாவதைக் கற்பனைன்னு தள்ளிட்டீங்க, எல்லாம் ஒரு படி மேல ஏறிடுச்சு. மாப்பிள்ளை சார்கூட வந்து கேட்டாரு. இந்த ஒண்ணு மட்டும் ஒத்தப்படையிலயே இருக்கட்டும்மா, மாத்தாதீங்கன்னாரு. நான் எப்படிக்கா விடறது? அப்புறம் நீங்க என்னைத் திட்டுவீங்க."

கட்டின் அடியில் தள்ளப்பட்ட சீட்டு இருந்தது. அக்கா அதைத் திருப்பினாள். 'அவனுடைய கண்ணாடியின் காலை அவள் முறுக்கி ஒடித்தாள்.' வீடு. ஞாயிற்றுக்கிழமை.

நூல் சுற்றிய கண்ணாடி ஆறு அடி தூரத்தில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது.

அக்கா சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சந்தேகம் அவளுக்குக் கைவந்த கலை. இப்போது அதை விடாப்பிடியாகக் கூப்பிட்டாள். எழுதியவன் பொய் எழுதியிருக்கலாமே? என் பெண்ணின்மேல் பழி போடப் பார்க்கலாமே? நேராக அவர் மேசைக்குப் போனாள்.

"கையைக் காட்டுங்க."

"என்னக்கா?"

"பொத்தானைக் கழட்டுங்க, மாப்பிள்ளை."

அவளே கழற்றி, சட்டைக் கையை மடித்தாள். மணிக்கட்டு இன்னும் வடியாமல் வீங்கியிருந்தது. சுற்றிலும் பழைய காயத்தின் மஞ்சளும் பச்சையும், பக்கத்துப் பக்கத்தில், விரல் விரலாக. பழக்கதோஷத்தில் அவர், "பஸ் கம்பி இடிச்சிடுச்சு" என்றார்.

"பஸ் கம்பிக்கு விரல் இருக்கா?"

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை எனக்குக் கூப்பிட்டது நீங்களா?"

"ஆமா."

"அப்புறம் ஏன் வாயைத் திறந்து சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

பக்கத்து வீட்டுப் பெண்ணின் வீங்கிய சுண்டுவிரலும் அன்று தான் சாத்திய கதவும் அக்காவின் நினைவுக்கு வந்தன. நம்பியிருக்கமாட்டாள். அவரையே திருப்பிக் கேள்வி கேட்டுக் குடைந்திருப்பாள்.

"நீங்க ஒருத்தர்தான் எழுதினதெல்லாம் முழுசா படிக்கறவங்க. அதனால எழுதினேன்" என்றார் அவர். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார். அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. இரண்டாவது வரியோடு திருப்பி அனுப்பிய தாள் அவள் கண்முன் நின்றது.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சாவியை எடுத்து அவர் மேசையில், சீட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என் மாடி ரூம். புது விரிப்புப் போட்டிருக்கேன். இன்னைக்கே வந்துடுங்க."

"அவ உங்க தங்கச்சிக்கா."

"நான் வளர்த்தவதான். அது எனக்குத் தெரியாதா?"

அவர் சாவியைப் பார்த்தார், தொடவில்லை. அப்போது அக்காவின் பைக்குள் போன் அடித்தது. தங்கை.

"என்னக்கா, கண்டிச்சியா அவரை? என்ன சொன்னாரு?"

"அவர் ஒண்ணும் சொல்லல" என்றாள் அக்கா. "எழுதியிருக்காரு."

எதிர்முனையில் குழாயில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

"அவர் எழுதினா அதெல்லாம் உண்மையா?" தங்கையின் குரல் உயர்ந்தது. "ஊரையே சந்தேகப்படுவ. அவரை நம்பிட்டு என்னைச் சந்தேகப்படறியா நீ?"

"இல்லடி" என்றாள் அக்கா. "உன்னைத்தான் நான் சந்தேகப்படவே இல்ல. முப்பது வருஷமா. அதான் தப்பு. சாயங்காலம் நான் வர்றேன், தனியா வர்றேன். நீ ஒண்ணு விடாம சொல்லணும். இந்தத் தடவை நான் முழுசா கேக்கறேன்."

தங்கை போனை வைத்துவிட்டாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். மாப்பிள்ளை அடுத்த சீட்டை எழுதிக்கொண்டிருந்தார். மேசையில் சாவி இல்லை.